பிரஷ்லெஸ் வாங்குங்கள், ஆனால் டிரில்லில் வேண்டாம்

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தச்சு வேலை செய்கிறேன். எஸ்டேட் பங்களாக்களில் கதவு, ஜன்னல் பழுது பார்ப்பேன். தங்கும் விடுதிகளுக்குக் கட்டில், அலமாரி செய்து தருவேன். ஆறு வருடமாக வைத்திருந்த 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் போன மாதம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தட்டினால் ஓடும், பிறகு நிற்கும். சேலத்தில் கடைக்காரர், "இது பிரஷ் மாடல், காலம் போய்விட்டது, பிரஷ்லெஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒரே கம்பெனியில் இரண்டுக்கும் 4,000 ரூபாய் வித்தியாசம் சொல்கிறார். கூடவே இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிற பிரஷ்லெஸ் ஆங்கிள் கிரைண்டர் ஒன்று வாங்கி, அதில் மரப் பிளேடு மாட்டி சில்வர் ஓக் பலகை அறுக்கலாம் என்கிறான் என் மகன். பங்களாக் கருங்கல் சுவரில் ஓட்டை போடவும் பிரஷ்லெஸ்தான் சரி என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: மேஸ்திரி, அந்தப் பழைய டிரில்லைக் காயலான் கடையில் போட்டுவிடவில்லையே? "தட்டினால் ஓடும், பிறகு நிற்கும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னைப் போன்றவனுக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எரிந்துபோன மோட்டார் தட்டினால் எழுந்திருக்காது. தட்டியதும் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் கார்பன் (மோட்டாரின் சுற்றும் பாகத்தை உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, கடைக்காரர் சொல்லும் 'பிரஷ்' இதுதான்) தேய்ந்துபோய், பின்னாலிருக்கும் ஸ்பிரிங்குக்கு அதைச் சுற்றுகிற செம்பு வளையத்தின் மேல் அழுத்தும் தெம்பு இல்லை என்று பொருள். தட்டும்போது கார்பன் மயிரிழை நகர்ந்து தொடுகிறது, ஓடுகிறது. அதிர்வில் மறுபடி விலகுகிறது, நிற்கிறது. ஸ்விட்சுக்குள் மரத்தூள் புகுந்தாலும் இதே குணத்தைக் காட்டும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, ஸ்விட்சை அழுத்தியபடி மோட்டாரின் இரு முனைகளிலும் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் போதும். வோல்டேஜ் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் கார்பனைப் பாருங்கள். வோல்டேஜே வரவில்லை என்றால் ஸ்விட்சைப் பாருங்கள்.

மேலே போவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்து, கார்பன் மாற்றிப் பிழைப்பவன் நான். ஊரில் எல்லாரும் பிரஷ்லெஸ்ஸுக்கு மாறினால் என் வேலையில் பாதி போய்விடும். ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள்.

சென்ற வாரம் உங்களுடையதைப் போலவே ஒரு டிரில் மேசைக்கு வந்தது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் எட்டையும் கழற்றி உடலை இரண்டாகப் பிரித்தால், உள்ளே மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து புளிச்சக்கைபோல அப்பியிருந்தது. அதை வழித்துவிட்டுக் கார்பனை வெளியே எடுத்தேன். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு, வாலாக ஒரு செம்புப் பின்னல். பக்கத்தில் புதியதை வைத்தபோது, அது சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு இருந்தது. ஆர்மேச்சரின், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் சுருள் பாகத்தின், முனையில் வளையமாக அடுக்கிய செம்புத் துண்டுகள் இருக்கின்றனவே, கம்யூட்டேட்டர், அது இழைத்த தேக்கைப் போலப் பழுப்பேறி வழவழப்பாக இருந்தது. அந்தப் பழுப்பைப் பார்த்ததும் உப்புத்தாள் எடுத்துப் பளபளவென்று தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது அழுக்கில்லை, கார்பன் வழுக்கிக்கொண்டு ஓடத் தானாகப் படிந்த மெல்லிய ஏடு. கரிந்து கறுத்திருந்தாலோ, வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ மட்டும்தான் கை வைக்க வேண்டும். கார்பன் இரண்டையும் ஜோடியாக மாற்றி, சுமை ஏதும் கொடுக்காமல் சில நிமிடங்கள் ஓடவிட்டேன். முதலில் கொஞ்சம் பொறி பறந்தது. கார்பனின் முகம் செம்பின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. அரை மணி நேர வேலை. கார்பன் விலை ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

உங்கள் டிரில்லுக்கும் இப்படியே நடக்கும் என்று உறுதி தர முடியாது. விலை குறைந்த கார்ட்லெஸ் டிரில்களில் மோட்டார் ஒரு தகர டப்பாவுக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கும். அதில் கார்பனை மட்டும் மாற்ற வழியில்லை. ஆனால் முழு மோட்டாரையே மாற்றலாம், அதுவும் புது டிரில் விலையில் சிறு பங்குதான்.

இப்போது கடைக்காரரின் பேச்சுக்கு வருவோம். அவர் முழுப் பொய் சொல்லவில்லை. கம்பெனிகள் புதிது புதிதாகக் கொண்டுவரும் மாடல்களில் பெரும்பாலானவை பிரஷ்லெஸ்தான். அதற்காகப் பிரஷ் மெஷினுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்பது விற்பனைப் பேச்சு. பெரும்பாலான வீட்டு மிக்ஸிகளில் இன்றைக்கும் கார்பன்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்னி அரைக்கும்போது உள்ளே தெரிகிற நீலப் பொறியும் அந்த ஒருவித வாசனையும் அதனால் வருபவைதான்.

பிரஷ் மோட்டாரில் சுற்றுவது செம்புச் சுருள், சும்மா நிற்பது காந்தம். சுற்றுகிற சுருளுக்கு மின்சாரம் போய்ச் சேர வேண்டும், அதுவும் பாதிச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாறிச் சேர வேண்டும். அந்த வேலையைத்தான் கார்பனும் கம்யூட்டேட்டரும் உரசி உரசிச் செய்கின்றன. பிரஷ்லெஸ்ஸில் இடம் மாறிவிடுகிறது: காந்தம் நடுவில் சுற்றுகிறது, சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. அசையாத சுருளுக்கு ஒயரை நேராகப் பற்றவைத்துவிடலாம், உரசல் தேவையில்லை. எந்தச் சுருளுக்கு எந்த நொடியில் மின்சாரம் விட வேண்டும் என்பதை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. காந்தம் எங்கே நிற்கிறது என்று உணர்கருவிகள் போர்டுக்குச் சொல்ல, போர்டு ஆறு மின்ஸ்விட்சுகளை மாற்றி மாற்றித் திறந்து மூடுகிறது. புதிய யோசனையும் அல்ல. வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962ஆம் ஆண்டிலேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். கைக்கு அடக்கமான விலையில் போர்டும் வலுவான காந்தமும் வரத்தான் இத்தனை காலம் ஆயிற்று. இப்போது எல்லார் வீட்டிலும் மாட்டுகிறார்களே, ரிமோட் வைத்த பிஎல்டிசி (பிரஷ்லெஸ் டிசி) மின்விசிறி, அதுவும் இதே சாதிதான். (பழைய மின்விசிறியிலும் கார்பன் கிடையாது, ஆனால் அது இண்டக்‌ஷன் மோட்டார், வேறு வகை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உரசல் இல்லாததால் சூடு குறைவு, விரயமும் குறைவு. சூடாகும் சுருள் வெளிச்சுவரை ஒட்டி இருப்பதால் அந்தச் சூடும் சீக்கிரம் வெளியேறிவிடும். மோட்டார் குட்டையாகிவிடுவதால் டிரில்லின் தலையும் குட்டையாகும். அலமாரிக்குள் கையை விட்டு ஸ்க்ரூ அடிக்கும்போது அந்த இரண்டு விரற்கடையின் அருமை தெரியும். இன்னொரு நன்மையைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. பூட்டுக்கு ஹோல்சா (வட்டமாக ஓட்டை வெட்டும் பல் வளையம்) போட்டுக் கதவைத் துளைக்கும்போது சிக்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் மோட்டார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மின்சாரத்தை வாரி வாரிக் குடிக்கும். நாமும் ஸ்விட்சை விடாமல் அழுத்துவோம். சில நொடிகளில் கம்யூட்டேட்டர் கருகி வாசனை வரும். நல்ல பிரஷ்லெஸ் மெஷினில் போர்டு இதைக் கண்டுகொண்டு தானே நிறுத்திவிடும். என் பட்டறைக்கு எரிந்து வருகிற ஆர்மேச்சர்களில் பல, இப்படிப் பிடிவாதமாக அழுத்தியவர்களால் வந்தவை.

சரி, அப்படியானால் பிரஷ்லெஸ்ஸையே வாங்கிவிடலாமே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

டிரில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உண்மையில் சுற்றுகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஸ்க்ரூவுக்கு நான்கு நொடி. ஒரு நாளைக்கு 200 ஸ்க்ரூ அடித்தாலும் கால் மணி நேரம்கூட ஆகாது. நடுவில் அளவு பார்க்கிறீர்கள், குறி போடுகிறீர்கள், பலகையைத் திருப்புகிறீர்கள், டீ குடிக்கிறீர்கள். மோட்டார் ஆறிவிடுகிறது. இந்த வேலைக்குப் பிரஷ் மோட்டார் தாராளம். உங்கள் டிரில் ஆறு வருடம் உழைத்ததே அதற்குச் சாட்சி. ரம்பத்தின் கதை வேறு. ஆறடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தால் மறுமுனை வரும்வரை முழுச் சுமையில் ஓய்வில்லாமல் சுற்ற வேண்டும். அங்கேதான் பிரஷ் மோட்டார் மூச்சு வாங்கும், சூடேறும், பேட்டரியையும் வற்றவைக்கும். பிரஷ்லெஸ்ஸின் பலம் முழுவதும் தெரிவதும் அங்கேதான். கடைக்காரர் டிரில்லில் வாங்கச் சொல்கிற கூடுதல் 4,000 ரூபாயை ரம்பத்தில் போடுங்கள் என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது என் சொந்த அனுபவம். ஆசைப்பட்டுப் பட்டறைக்கென்று ஒரு பிரஷ்லெஸ் டிரில் வாங்கினேன். அருமையான மெஷின். வாரண்டி முடிந்து இரண்டு மாதத்தில், ஒரு நாள் காலை, ஸ்விட்சை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிந்தது, துளைக்கும் பிட்டைப் பிடிக்கும் சக் அசையவில்லை. பிரித்தேன். போர்டு முழுவதையும் பிசினில் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஈரமும் தூசியும் புகாமலிருக்க அப்படிச் செய்வது நியாயம்தான், ஆனால் என் பற்றவைப்புக் கோலும் புகாது. ஸ்விட்சும் போர்டும் ஒன்றாகச் சேர்ந்த பாகம், தனித்தனியாகக் கிடைக்காது. விலை கேட்டால் புது டிரில்லில் ஏறக்குறைய பாதி. வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. இருபது வருடம் மெஷின் பிரித்தவன், ஐந்து வாரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்பன் தேய்வது தெரிந்தே நடக்கும். முன்கூட்டியே பொறி கூடும், வேகம் குறையும், தட்டினால் ஓடும். போர்டு போவது அறிவிப்பில்லாமல் நடக்கும். சேலத்தில் இருக்கும் எனக்கே இந்தப் பாடு என்றால், ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டிய நீங்கள் யோசிக்க வேண்டும். ஒரே டிரில்லை நம்பிப் பிழைப்பவருக்கு, அரை மணி நேரத்தில் எழுப்பிவிடக்கூடிய மெஷின் ஒன்று பையில் இருப்பது பெரிய தைரியம்.

பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உண்மையான வித்தியாசம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, வரிசையாக. சில கம்பெனிகள் இதையே முழுச் சார்ஜில் அளந்து 20 வோல்ட் என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதான், இரண்டு வோல்ட் அதிகம் என்று மயங்க வேண்டாம். 2 ஆம்பியர் மணி பேட்டரியில் (பேச்சில் சுருக்கமாக 2 ஆம்பியர் என்போம்) இருப்பது 36 வாட் மணி. 4 ஆம்பியரில் 72. பிரஷ்லெஸ் மோட்டார் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், உண்மை. ஆனால் இரட்டிப்பாக ஓடாது. பெரிய பேட்டரி இரட்டிப்பாக்கும். அது மட்டுமல்ல, 4 ஆம்பியர் பேட்டரியில் பெரும்பாலும் செல்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் சுமையையும் பங்கிட்டுக்கொள்ளும். பிரஷ்லெஸ் ரம்பம் வாங்கி 2 ஆம்பியர் பேட்டரியை மாட்டினால், எருமை கட்டும் வண்டியில் கன்றுக்குட்டியைக் கட்டிய மாதிரி. உங்கள் பழைய டிரில்லின் பேட்டரிகள் நல்ல நிலையில் இருந்தால், அதே கம்பெனியின் அதே வகை பேட்டரியில் ஓடும் ரம்பமாகப் பாருங்கள். பேட்டரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷினாகவும் விற்கிறார்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பெரிய பேட்டரி வந்துவிடும்.

லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் சேலத்தில் வண்டியின் பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டுக் கடை கடையாக அலையாதீர்கள். அந்த விஷயத்தில் 5,000 அடி உயரத்தில் இருக்கும் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனால் உங்களுக்கு மூடுபனி இருக்கிறது. குளிர்ந்த மெஷினை நேராக அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனால் இரும்பின் மேல் நீர் வியர்க்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால், பிரஷ் மெஷினில் கார்பன் தன் கூட்டுக்குள் மரத்தூளோடு சேர்ந்து இறுகிவிடும். வாரம் ஒருமுறை எடுத்துச் சற்று ஓடவிடுங்கள், போதும்.

பாலிஷ் வேலை செய்பவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. தின்னர் ஆவி நிறைந்த மூடிய அறையில் பிரஷ் மெஷினை ஓட்டாதீர்கள், அந்தப் பொறி போதும் தீப்பிடிக்க. பிரஷ்லெஸ்ஸில் கார்பன் பொறி இல்லை என்பதற்காக அதைத் தைரியமாக ஓட்டலாம் என்றும் இல்லை. ஆவிக்கு நடுவில் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட மெஷின்கள் அல்ல இவை இரண்டும். ஜன்னலைத் திறந்து, காற்றோட்டம் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கருங்கல் சுவர் விஷயத்தில் உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்வராயன் மலையின் பாறை சார்னகைட். கிரானைட்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. அந்தக் கல்லால் கட்டிய சுவரில் சாதாரண டிரில்லின் சுத்தியல் குறியைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுத்தினால், பிரஷ்ஷோ பிரஷ்லெஸ்ஸோ, பிட்டின் முனைதான் சிவக்கும். அதில் இரண்டு பல் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி வெறும் அதிர்வைத்தான் தருகின்றன. நாம் எவ்வளவு சாய்ந்து அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. ரோட்டரி ஹாமரில் உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு குண்டை எறிந்து பிட்டை அடிக்கிறது. நாம் சும்மா பிடித்துக்கொண்டாலே போதும். வருடத்தில் பத்து நாள் அந்த வேலை என்றால், எஸ்டேட் மின்சாரத்தில் ஓடும் ஒயர் வைத்த ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள். அதற்குள்ளேயும் கார்பன்தான் இருக்கும், அது பாட்டுக்குக் கல்லைத் துளைக்கும்.

உங்கள் மகனின் யோசனைக்கு வருகிறேன். இங்கே மட்டும் சற்றுக் கோபமாகவே எழுதுகிறேன், தம்பி தவறாக நினைக்க வேண்டாம். கிரைண்டரில் மரப் பிளேடு மாட்டவே கூடாது. கிரைண்டர் நிமிடத்துக்கு 8,000 முதல் 11,000 சுற்று வரை ஓடும். மரம் அறுக்கும் ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றில் ஓடும். கிரைண்டரின் காப்பு பிளேடின் பாதியைத்தான் மறைக்கும். ரம்பத்தில் இருப்பதைப் போலப் பிளேடு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பும் கிடையாது, மரத்தின் மேல் தட்டையாக உட்காரும் அடித்தட்டும் கிடையாது. சில்வர் ஓக்கில் ஒரு கணு வந்து பல் மாட்டிக்கொண்டால் மெஷின் கையைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பும், அது திரும்புகிற பக்கம் தொடையோ கழுத்தோ இருக்கும். பிரஷ்லெஸ் என்றால் விசை இன்னும் கூடுதல், ஆபத்தும் கூடுதல். கார்பன் மாற்ற வந்த இடத்தில் மேசை மேல் கை வைக்கும்போது இரண்டு விரல் குறைவாக வைத்த வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. 165 மில்லிமீட்டர் பிளேடு வைத்த பிரஷ்லெஸ் வட்ட ரம்பம் வாங்குங்கள். இரண்டு அங்குலப் பலகையை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். அதைவிடத் தடித்த கட்டை என்றால் மரமில்லுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

கடையில் பெட்டியைப் பார்த்து ஏமாறாமலிருக்க ஒரு சிறு வழி. இப்போது 48, 88, 128 என்று வாய்க்கு வந்த எண்ணைப் பெட்டியில் அச்சடித்து, பக்கத்தில் 'விஎஃப்' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து விற்கிறார்கள். பேட்டரியைத் திறந்தால் உள்ளே அதே ஐந்து செல்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 128 வோல்ட் வேண்டுமானால் முப்பத்தாறு செல் வேண்டும், அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். 'பிரஷ்லெஸ்' என்று ஒட்டியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். கடையின் உள்பக்க இருட்டில் மெஷினை ஓட்டச் சொல்லி, காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே நீலப் பொறி மினுக்கினால் அது பிரஷ் மோட்டார், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பழைய டிரில்லைப் பழுது பார்க்க எந்தப் பட்டறைக்கு எடுத்துப் போனாலும், பேட்டரியையும் சார்ஜரையும் மறக்காமல் கூடவே கொண்டு போங்கள். வெறும் டிரில்லோடு மலையிறங்கி வந்து, ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் மறுநாள் மறுபடி வந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். முடிந்தால் கழற்றிய பழைய கார்பனைக் கேட்டு வாங்கி, டிரில் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே அளவு வாங்க அதைக் காட்டினால் போதும். மாடல் எண் அழிந்துபோயிருந்தாலும் கவலையில்லை.